வயிற்றில் குடிவந்த ஆள்

“பின்பக்கத்தை எடுத்துப்போட்டுத் தைச்சு மூடிப்போடுவம், ஐயா,” என்றார் டொக்டர்.

“திரும்ப எப்ப திறப்பியள்?” என்று கேட்டேன்.

“திறக்கிறேல்லை.”

நான் விதானையாக, அதாவது கிராம அலுவலராக இருந்து, பென்சனில் இளைப்பாறியவன். சண்டைக் காலத்தில் எங்கள் தீவில், கரம்பொன்னிலும் அதைச் சுற்றியும், ரோட்டை மூடினார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள், சனம் போகாதபடி வளவுகளையே மூடினார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மூடுவதென்றால் ஒருநாள் திறப்பது என்றுதான் என் உத்தியோகம் எனக்குப் பழக்கியிருந்தது. மனிதனில் ஒரு வாசலை ஒரேயடியாக மூடலாம் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பக்கத்தில் இருந்த மனைவி, “அப்ப இவர் எப்பிடி டொக்டர்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல்லை அவள் வெளியாட்களுக்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. டொக்டரே மிச்சத்தைச் சொன்னார். பெருங்குடலின் நுனியை இடது பக்கத்து வயிற்றால் வெளியே எடுத்து வைத்துத் தைப்பார்களாம். அதன்மேல் ஒரு பையை ஒட்டுவார்களாம். மலம் அதற்குள் தானாக வரும். அடக்க முடியாது, முக்கவும் வேண்டியதில்லை. உயிர் உள்ளவரை அப்படித்தான்.

எனக்கு வந்த முதல் யோசனை சாவைப் பற்றியது அல்ல. மகளின் கலியாணத்தைப் பற்றியது. எங்களுக்கு ஒரே பிள்ளை. சம்பந்தம் பேசி முடிந்து, என் சுகவீனத்தால் நாள் மட்டும் தள்ளிப் போயிருந்தது. கன்னிகாதானம் செய்து கொடுக்கிற தகப்பன் சட்டை இல்லாமல், வேட்டியோடு, ஊர் பார்க்க அக்கினிக்கு முன்னால் இருக்க வேண்டும். மலப்பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒருவன் அங்கே எப்படி இருப்பான்? டொக்டர் புற்றுநோயைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் சால்வையை எப்படிக் கட்டினால் மறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரத்தம் போகத் தொடங்கியபோது மூலம் என்று நினைத்தேன். ஊரில் எல்லாருக்கும் மூலம்தான். கோழிக்கறியையும் மிளகாயையும் நிறுத்தினேன், மோர் குடித்தேன். குழாயை விட்டுப் பார்த்த பிறகுதான் அது வேறு பெயருள்ள வருத்தம் என்று தெரிந்தது. கட்டியைச் சுருக்கவென்று கொஞ்சக் காலம் மெஷினால் கதிர் பிடித்தார்கள், விழுங்கக் குளிசை தந்தார்கள். கட்டி சுருங்கியது. ஆனால் அது வாசலோடு ஒட்டிக்கொண்டு நின்றதால் வாசலை விட்டுவிட்டு அதை மட்டும் எடுக்க முடியாது என்றார்கள். காணி வழக்குகளில் நானும் இப்படித்தான், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிரிக்க முடியாது என்று எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சத்திர சிகிச்சைக்குப் போன நாளில்தான் அந்தப் பிழையைச் செய்தேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு அலுவலாகப் போகிற நாட்களில் மட்டும் காற்சட்டை போடுவேன். இளைப்பாறிய பிறகு வீட்டிலும் வளவிலும் சாரம், கோயிலுக்கு வேட்டி. ஆனால் யாழ்ப்பாணம் போவதென்றால், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், எங்கள் தீவு ஆட்கள் நல்லதாக உடுத்துத்தான் போவார்கள். சாகப் போனாலும் சப்பாத்தோடுதான் போவோம். அலுமாரியின் அடியில் கிடந்த காற்சட்டையை எடுத்து, ஸ்திரிக்கை போட்டு, பெல்ட்டும் கட்டிக்கொண்டு போனேன். இளைப்பாறிய பிறகு வைத்த வண்டி, அந்தத் தொந்தி, காற்சட்டைக்குள் அடங்கவில்லை. ஆகவே பெல்ட் வண்டிக்குக் கீழே இறங்கி நின்றது.

ஒரு தாதி வந்து, பை எங்கே வரவேண்டும் என்று பேனையால் அடையாளம் போட வேண்டும் என்றாள். நிற்கச் சொன்னாள், இருக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள்.

“ஐயா, எப்பவும் இந்த இடத்திலயோ கட்டிறனீங்கள்?”

“ஓம் மிஸ்.”

“வீட்டிலயும் காற்சட்டையோ?”

“ஓமோம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள். நாட்டுப்புறத்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும் என்ற ஒரு சின்ன வெட்கம்தான். அவள் என் பெல்ட்டுக்கு மேலே, மடிப்பு விழாத இடமாகப் பார்த்து, அழகாக ஒரு குறுக்குக் கோட்டுப் புள்ளடி போட்டாள். சாரத்தின் முடிச்சு வருகிற இடம் சரியாக அதுதான்.

அடுத்த நாள் முழுவதும் தண்ணீரும் வயிற்றைக் கழுவுகிற மருந்தும் மட்டுமே. அந்த வார்ட்டின் கக்கூசில் திரும்பத் திரும்பப் போய்க் குந்தி இருந்தேன். கடைசித் தடவை எழும்பும்போது, இனிமேல் இப்படி இருக்க மாட்டேன் என்பது உறைத்தது. வாழ்நாள் முழுவதும் நான் நன்றி சொல்லாத ஒரு காரியம் அது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே காத்திருந்தவர் தட்டிய பிறகுதான் வந்தேன்.

கண் விழித்தபோது நோவைவிடத் திகைப்புத்தான் பெரிதாக இருந்தது. பை கண்ணாடி போன்றது, உள்ளே இருப்பது தெரிந்தது. உதட்டின் உட்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக, ஒரு சதைத் துண்டு. அது என்னுடையது என்று நம்ப முடியவில்லை. பையை மாற்றும்போது தாதி என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். விரலுக்குத் தெரிந்தது, அதற்குத் தெரியவில்லை. நான் தொடுவதை அது உணரவே இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி விரிந்தது. என் உடம்பில் என்னைக் கேட்காமல் ஒன்று அசைகிறது! விரலை இழுத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி இன்னும் சில நாட்களில் வந்தது. பின்பக்கத்துக் காயத்தால் இருக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். திடீரென்று கக்கூசுக்குப் போகவேண்டும் போல, அந்தப் பழைய அவசரம் வந்தது. பொய் இல்லை, அச்சொட்டாக அதேதான். கட்டிலை விட்டு இறங்கி ஓட வெளிக்கிட்டேன். மனைவி தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்கயப்பா ஓடுறியள்? அங்க ஒண்டும் இல்லையெல்லோ.”

அங்கே ஒன்றும் இல்லைத்தான். இல்லாத ஒன்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டாலும் நரம்புக்கு அது தெரியாது, கனகாலம் இப்படிக் கூப்பிடும் என்று டொக்டர் சொன்னார். இன்றைக்கும் இடைக்கிடை கூப்பிடுகிறது. நானும் இன்றைக்கும் ஒருகணம் ஏமாறுகிறேன்.

வீட்டுக்கு ஒரு வான் பிடித்து, பின்சீட்டில் நான் படுத்துக்கொண்டு வந்தோம். வந்ததும் காற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாரத்தை உடுத்தேன். முடிச்சுப் போட்ட கையோடு பை பிதுங்கியது. முடிச்சைக் கீழே இறக்கினால் சாரம் வழுகி விழுந்தது. மேலே ஏற்றினால் நெஞ்சில் நின்றது. அப்போதுதான் அந்தப் புள்ளடியின் விலை விளங்கியது. அதன் பிறகு கிணற்றடிக்கும் காற்சட்டை, மாட்டுக்கு வைக்கோல் போடவும் காற்சட்டை. விதானையாருக்குக் கனடா விசா வந்துவிட்டது என்று ஊரில் கதை பரவியது. புற்றுநோயைப் பற்றிச் சனத்துக்குத் தெரியும். பையைப் பற்றி வீட்டில் மூன்று பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதை வெளியே சொல்லக்கூடாது என்று நான் மனைவியிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன்.

பையை முதலில் என் மனைவிதான் கழுவினாள். முப்பது வருடத்துக்கு மேலாக என்னோடு வாழ்ந்தவள், நான் கக்கூசுக்குப் போகும்போது முற்றத்துக்குப் போய்விடுகிறவள், மூக்கைக்கூடப் பொத்தாமல் கழுவினாள். எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அவள் அந்தச் சதைக்கு ஒரு பெயரும் வைத்தாள். “ஆள்” என்றாள். “ஆள் இண்டைக்குப் பேசாமல் இருக்கிறார்.” “ஆளுக்குப் பயத்தங்காய் ஒத்துக்கொள்ளேல்லைப் போல.” மகளும் பிடித்துக்கொண்டாள். என் வீட்டில் என் வயிற்றில் ஒருவர் குடிவந்து, என்னைவிட மரியாதையாக இருந்தார்.

ஆளுக்கு அடக்கம் மட்டும் இல்லை. ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் சுகம் விசாரிக்க வந்து கதிரையில் இருந்தார். பேச்சு நின்ற ஓர் இடம் பார்த்து ஆள் நீட்டி முழங்கினார். வந்தவர் மெல்லத் திரும்பி, வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது.

அன்று பின்னேரமே மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

“கலியாணத்தில நான் மணவறையில இருக்கமாட்டன். உம்மட தம்பியும் மனுசியும் இருந்து தாரை வார்க்கட்டும். நான் சட்டையோட சபையில ஒரு பக்கத்தில நிக்கிறன்.”

“என்ன கதை கதைக்கிறியள்? தகப்பன் உயிரோட இருக்கேக்கை?”

“மலத்தைக் கட்டிக்கொண்டு அக்கினிக்கு முன்னால இருக்க ஏலாது. விடும் இந்தக் கதையை.”

மகள் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாப்பிட வராமல் விட்டதுதான் என்னை உலுக்கியது. ஆனாலும் நான் இறங்கவில்லை. பிடிவாதம் எங்கள் பரம்பரைச் சொத்து.

கலியாணம் செய்து வைக்கிற ஐயர் சாமான் விவரம் சொல்ல வீட்டுக்கு வந்தார். தேங்காய், மாவிலை, நெய் எல்லாம் கதைத்து முடிந்து எழும்பப் போனவரை என் மனைவி மறித்தாள்.

“ஐயா, ஒண்டு கேக்கோணும். இவருக்கு இப்ப மலம் வயித்தாலதான் போகுது. பை ஒட்டியிருக்கு. தாரை வார்க்க இவர் இருக்கலாமோ?”

டொக்டருக்கு முன்னால் அந்தச் சொல்லை விழுங்கினவள், ஐயருக்கு முன்னால் அதைப் போட்டு உடைத்துவிட்டாள். வாங்கின சத்தியம் எல்லாம் காற்றில் போயிற்று. ஐயர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

“விதானையார், சபைக்கு வாற எல்லாரும் அதை வயித்துக்குள்ள வச்சுக்கொண்டுதானே வருகினம்? நானும்தான். உங்களுக்கு வெளியில நிக்குது. வேற என்ன வித்தியாசம்?”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம்தான் இருந்தது, அதையும் யாரில் காட்டுவதென்று தெரியவில்லை. மகளின் அறைக் கதவைத் தட்டி, “நான் இருக்கிறன் பிள்ளை,” என்று மட்டும் சொன்னேன்.

கலியாண நாளில் வேட்டியை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே தூக்கிக் கட்டி, சால்வையை அதன்மேல் தளர்வாகச் சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தால் மாதமாக இருக்கிற பெண் போல இருந்தேன். பெண்ணின் தாய் தகப்பன் தாரை வார்க்கும்வரை விரதம். எனக்கு அது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே ஒன்றும் வாயில் வைக்கவில்லை. வயிறு வெறுமையாக இருந்தால் ஆளும் வாய் திறக்கமாட்டார் என்பது என் கணக்கு. வெறும் வயிற்றில்தான் காற்று கூடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டிருந்தார்கள். நான் எதைக் காதில் வாங்கினேன்?

கன்னிகாதானம் வந்தது. மாப்பிள்ளையின் கையின்மேல் மகளின் கை, அதை என் கை பிடித்திருந்தது. மனைவி தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். மூன்று தலைமுறையின் பெயர்களையும் ஐயர் சொல்லவேண்டும், சபைக்குக் கேட்கவேண்டும் என்பதால் மேளத்தை நிறுத்திவிட்டார்கள். சபை முழுவதும் அமைதி. என் பாட்டனாரின் பெயரை ஐயர் பாதி சொன்னபோது, ஆள் தொடங்கினார். சின்னச் சத்தம் இல்லை. இழுத்து, ஏறி இறங்கி, முடியாமல் போய்க்கொண்டிருந்தது. மகளின் கையை விட்டுவிட்டு எழும்பி ஓடப் பார்த்தேன்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

ஐயர்தான். பெயரைப் பாதியில் விட்டுவிட்டு, கையை உயர்த்திக் கத்தினார். தவில்காரர் திடுக்கிட்டு அடித்தார். நாதஸ்வரம் வெடித்துக்கொண்டு கிளம்பியது. தாலி கட்டுகிறார்கள் என்று நினைத்துச் சபை முழுவதும் எழும்பியது. வீடியோக்காரர் விழுந்தடித்து ஓடிவந்தார். தாலி இன்னும் தேங்காய்த் தட்டில் பின் வரிசையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வெறுங்கையைப் பார்த்து முழித்தார். வாழ்த்தித் தூவுகிற அறுகரிசி நாலு பக்கத்தாலும் வந்து எங்கள் தலையிலும் என் சட்டையில்லாத மேலிலும் கொட்டியது.

நான் ஐயரைப் பார்த்தேன். அவர் அக்கினிக்கு நெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மகள் தலையைக் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. என் பிள்ளையை அவளின் கலியாணத்திலேயே அழ வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் முகத்தை மெல்லத் திருப்பினாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேளத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“அப்பா, முதல் வாழ்த்து ஆளின்ரதான்.”

அவள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். மேளம் ஓய்ந்தது. சனம் முணுமுணுத்துக்கொண்டு திரும்பக் கதிரைகளில் இருந்தது. ஐயர் என் பாட்டனாரின் பெயரை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் சபை நடுவே வெறும் மேலோடு, பிள்ளையின் கையைப் பிடித்தபடி அழுதேன்.