மூன்றாவது கியருக்கு எந்த ஆயில்?

ஒரகடம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்தவனுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. வருகிறவர் எல்லோரும் இங்குள்ள கம்பெனிகளில் கார் செய்கிறவர்கள். ஒருவர் கதவு மாட்டுவார், ஒருவர் கண்ணாடி ஒட்டுவார், ஒருவர் சீட்டுக்குத் துணி தைப்பார். ஷெட்டுக்குள் கால் வைத்ததும் முழுக் காரையும் தானே பெற்றுப் போட்ட மாதிரி பேசுவார்கள். இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தினம் படுவதுதானே. கியர் ஆயில் மாற்றுகிற நாளில் அந்தக் கந்தக நாற்றம் வேறு. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். ஒரு சிவப்பு வண்டியின் கியர் பாக்ஸோடு நான் பட்ட பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கர்ர்ர்...

ஜெபசிங் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரன். இங்கே ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், தகட்டை அழுத்திக் கதவாக்குகிற மிஷினில் வேலை. ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு வண்டி வாங்கினான். உருவம்தான் சின்னது, மிதித்தால் சீறும். வாங்கிய கொஞ்ச நாளில் அந்த பிரஸ் அவன் இடது கையின் நடு மூன்று விரல்களையும் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

நம் ஊர் வண்டியில் கியர் போடுவது இடது கைதானே. உள்ளங்கையால் தள்ளிப் பழகியிருந்தான். எல்லா கியரும் விழுந்தன, மூன்றாவது மட்டும் கர்ரென்று பல்லைக் கடித்தது. அழுத்தித் தள்ளினால் ஆறிய இடம் வலிக்கிறது என்றான். அவனுடைய அண்ணன் டேனியல் ஊரிலிருந்து வண்டியை விற்றுவிட வருகிறாராம். அவர் முன்னால் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வண்டி தங்கும், இல்லாவிட்டால் போய்விடும். கியர் போடவே தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்று எல்லோரையும் போல நானும் வாயைத் திறந்தேன்.

"பாதி கையை மிஷின் எடுத்துட்டு. மிச்சத்தையும் சும்மா மடியில வச்சிக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்றான்.

திரும்பி வராத லாரிகள்

கியர் பாக்ஸில் என்ன ஆயில் இருக்கிறது என்று கேட்டேன். அவனோடு ஒரே ரூமில் இருக்கும் முருகேசன் முன்னால் வந்து, "நான்தான் மாத்துனேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினான். லாரி கம்பெனியில் பின் சக்கர ஆக்ஸிலுக்கு ஆயில் நிரப்புகிற இடத்தில் அவனுக்கு வேலை. நண்பனின் உள்ளங்கைக்கு கியர் லேசாக விழட்டும் என்று, லாரி ஆக்ஸிலுக்கு ஊற்றும் கெட்டி ஆயிலையே வாங்கி இந்தச் சின்ன வண்டிக்கு ஊற்றியிருக்கிறான்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அவை சுற்றுகிற பல்சக்கரத்தை உரசிப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தினால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். இந்த ஆயிலோ வழுக்கிக்கொண்டு போகும், வளையத்தைப் பிடிக்கவே விடாது. போதாததற்கு அதில் இருக்கும் கந்தக மருந்து பித்தளையைத் தின்னும். டப்பாவில் ஜி.எல். ஃபைவ் என்று போட்டிருப்பது லாரி ஆக்ஸிலுக்கு அமிர்தம், இந்த வண்டிக்கு ஜி.எல். ஃபோர், அதுவும் மெல்லியதாக வேண்டும் என்று விளக்கினேன். முருகேசன் மசியவில்லை.

"நான் டெய்லி எத்தன லாரிக்கு ஊத்துதேன் தெரியுமா? ஒரு லாரியாவது எங்க லைனுக்குத் திரும்பி வந்து கம்ப்ளைன்ட் சொல்லிருக்கா?"

பொன் துகள்

கியர் ஆயில் மாற்றும்போது நிரப்புகிற மேல் போல்ட்டை முதலில் திறந்து பார்க்க வேண்டும். அது வராது என்று தெரியாமல் கீழ் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டால் வண்டி ஷெட்டிலேயே கிடக்கும். என்னிடம் வேலை செய்யும் வடக்குப்பட்டு ஏழுமலை இதில் கறார். பார்த்தால், முருகேசன் பைப் ரெஞ்சால் இறுக்கி மேல் போல்ட்டின் தலையை மழுக்கியே வைத்திருந்தான். "மேல தொறக்காம கீழ வடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப? வாயாலயா ஊத்துவ?" என்று ஏழுமலை அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டு, மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருப்பினார். அதற்குள் பாதிப் பகல் போய்விட்டது.

ஆயில் தட்டில் இறங்கியது. இரும்புத் தூளைக் கீழ் போல்ட்டின் நுனியிலிருந்த காந்தம் பிடித்துக்கொண்டது. மிச்சம் ஆயிலில் பொன்னாக மின்னியது. அத்தனையும் தேய்ந்த பித்தளை. முருகேசனுக்கு அப்போதுதான் உறைத்தது, வெளியே போய் நின்றுகொண்டான். ஜெபசிங் தட்டருகே குத்துக்காலிட்டு வெகு நேரம் பார்த்தான். "போனது வளராதுல்லாண்ணே?" என்று கேட்டான். வளராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொன்னாவ" என்றான்.

குடும்பம் போகிற வண்டி

சரியான ஆயிலை ஊற்றி, சில நாள் ஓடவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த பழையது கரைந்து வரட்டும் என்று அதையும் வடித்து, மறுபடி புதிதாக ஊற்றினோம். அந்த இரண்டாம் தடவை சிவப்பு வண்டி ஷெட்டில் நின்றபோது, அதே பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் தன் காரோடு வந்தார். சிவப்பு வண்டியை அடையாளம் தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழுமலை விடவில்லை. "கை உள்ள போனா மிஷின் தானா நின்னுடும்ன்றாங்களே, ஏன் சார் நிக்கல?" என்று கேட்டேவிட்டார்.

கையைக் கண்டால் மிஷினை நிறுத்துகிற சென்சார் அடிக்கடி லைனை நிறுத்தியதாம். புரொடக்‌ஷன் போகிறதே என்று அதைத் துண்டித்து வைத்திருந்தார்களாம். 'வேறு வழியில்லை' என்கிற பாவனையில்தான் சொன்னார். அப்புறம் தன் காருக்கு ஊற்றும் ஆயில் டப்பாவின் சீலைத் தன் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும் என்றார். போல்ட்டுக்குப் புது வாஷரா என்று குனிந்து பார்த்தார்.

"என் வண்டியில மட்டும் எதையும் விட்டுடாதீங்க சார், ஃபேமிலி போற வண்டி."

வாலாஜாபாத் வரை

டேனியல் வந்தார். ஜெபசிங் ஓட்ட, அண்ணன் பக்கத்தில், நான் பின் சீட்டில். தேய்ந்த வளையம் தேய்ந்ததுதான், ஆகவே மூன்றாவதுக்கு முன் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தித் தள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தேன். முதல் கியர், இரண்டாவது, ஒரு கணம். மூன்றாவது சத்தமில்லாமல் விழுந்தது.

டேனியல் சாலையைப் பார்க்கவே இல்லை. வழி முழுக்கத் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வாலாஜாபாத்தில் டீ குடிக்க இறங்கினோம். டீ ஆறுகிறவரை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வண்டி இருக்கட்டும்ல. ஆனா அம்மா இன்னும் உன் கையைப் பாக்கல. நீயே ஓட்டிட்டு வந்து காட்டு."

புதுப் பெயின்ட்

ஊருக்குப் போய் வந்தபின் ஆயில் லெவல் பார்க்க வந்தான் ஜெபசிங். அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போனானாம். அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம், கோயில் வரும் வரை இரண்டாவது கியரிலேயே போனானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் போல்ட்டைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றான். எந்த மிஷின் என்றேன். அதே மிஷின். சென்சாரைச் சரிசெய்துவிட்டார்களா என்றேன்.

"அது தெரியலண்ணே. மிஷினுக்கு மஞ்சப் பெயின்ட் புதுசா அடிச்சிருக்காவ, பாக்க நல்லாத்தான் இருக்கு."

தப்பான ஆயிலை ஊற்றினால் கர்ரென்று கத்தி ஊரைக் கூட்டுகிற தைரியம், நான் பார்த்தவரை, இந்த வட்டாரத்தில் கியர் பாக்ஸுக்கு மட்டும்தான் இருக்கிறது.