தொப்பண்ணன் விழுந்த விதம்

தொப்பண்ணனுக்கு வேறு வேலை தெரியாது. விழுவார். நாற்காலியிலிருந்து, ஏணியிலிருந்து, மாடிப்படியிலிருந்து, எதுவும் கிடைக்கவில்லை என்றால் வெறும் தரையிலேயே கால் இடறித் தொப்பென்று விழுவார். வாராவாரம் டிவியில் வரும் ஒரு காமெடித் தொடரில், அக்கா வீட்டோடு தங்கிவிட்ட தம்பி வேஷம் அவருக்கு. யாராவது முக்கியமான விஷயம் பேச வாயெடுத்தால் போதும், ஆள் கீழே கிடப்பார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆரம்பத்தில் சோபா கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தவர். ஷூட்டிங்குக்கு ஒரு சோபாவைக் கொண்டுவந்தபோது ஒயர் தடுக்கி, சோபாவோடு சேர்ந்து விழுந்தார். டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றோடு கடைக்கு முழுக்கு. விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு மீசையே பசை போட்டு ஒட்டியதுதான்.

அவர் மனைவி தையல் வேலை செய்பவள். அவருடைய சட்டைக்கும் பேண்டுக்கும் உள்பக்கமாகப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவளும் அவள்தான். எந்த இடத்துப் பஞ்சு நசுங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்தே, அன்றைக்கு எப்படி விழுந்தார் என்று சொல்லிவிடுவாள். ஊரெல்லாம் சிரிக்கும், அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். அடிபட்ட இடத்துக்குத் தைலம் தேய்ப்பவளுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? அவருக்கு அது ஒரு குறைதான்.

ஒருநாள் ஷூட்டிங்குக்குச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்வையாளர் கேலரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காட்சி இதுதான்: தொப்பண்ணன் டீக்கோப்பையோடு உட்காருவார், நாற்காலி உடையும். ஆனால் அவர் நாற்காலிக்குப் போகவே இல்லை. பாதி வழியில் நின்றார். கோப்பையைச் சிந்தாமல் தரையில் வைத்தார். அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, தூக்கம் வந்தவர் பாயில் சாய்வதுபோல அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டார். கேலரி வெடித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவர் எழுந்து வசனம் சொல்லவேண்டிய நேரம் வந்து, போயும்விட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து பிழைக்கவைத்தார்கள். கண் விழித்துப் பேச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருந்துச்சு?"

"எது?"

"விழுந்தது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நானும் சிரிச்சுட்டேங்க. தெரியாம சிரிச்சுட்டேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நீயே சிரிச்சியா? அப்போ நல்லாத்தான் விழுந்திருக்கேன்."

நோய் போய்விட்டது, அது கொண்டுவந்த விழுதல் போகவில்லை. வீடு திரும்பியதும் எடிட்டரிடம் கெஞ்சி அந்தப் பதிவை வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மனிதர் தான் செத்துப்போகப் பார்த்ததை உட்கார்ந்து பாடம் படித்தார். பிறகு முன்னறையில் அதேபோல விழுந்து பழக ஆரம்பித்தார்.

அவள் பின்னறையில் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் பயிற்சி என்றால் வீடே அதிரும், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சண்டை போடுவார். இப்போது சத்தமே கிடையாது. கோப்பை தரையைத் தொடும் சின்ன டக். அப்புறம் ஒன்றும் இல்லை. அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். எட்டிப் பார்த்தால் அதே முகம், அதே பாதி மூடிய கண். கூப்பிட வாய் திறப்பதற்குள் எழுந்து உட்கார்ந்து, "இடது தோள் இன்னும் சரியா வரலை" என்பார்.

"வேண்டாங்க. பயமா இருக்கு."

"எனக்கு இதைவிட்டா என்ன தெரியும், சொல்லு. சோபா தூக்கவா இப்போ?"

அவரைத் திரும்ப ஷூட்டிங்குக்கு அனுப்பினாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். விழுந்தபின் வலது கை விரலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தட்டினால் நடிப்பு. தட்டவில்லை என்றால், அரங்கத்தை நடத்தும் ஃப்ளோர் மேனேஜர் அம்மா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடவேண்டும், திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் தயாராக இருக்கவேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவளும் வாராவாரம் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்திருந்தாள். வாரங்கள் நல்லபடியாகப் போயின. கேலரிக்கு அந்த விழுதல் அவ்வளவு பிடித்திருந்தது.

ஒருநாள் பதிவு முடிந்து மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியையே பார்த்தபடி பக்கத்தில் நின்ற மனைவியிடம் கேட்டார். "நான் எப்போ எழுந்தேன்?"

"எப்போதும் எழுந்திருக்கிற இடத்துலதான். விளையாடாதீங்க."

"கோப்பையைக் கீழ வெச்சது ஞாபகம் இருக்கு. அடுத்தது இந்தக் கண்ணாடிதான். நடுவுல ஒண்ணுமே இல்ல."

இரண்டு பேரும் எடிட்டர் அறைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் அவர் விழுந்தார். விரல் தட்டியது, ஒன்று, இரண்டு. மற்றவர்கள் வசனம் பேசி முடித்ததும் சரியாக எழுந்தார். தன் வசனத்தைச் சொன்னார், சிரிப்பு அடங்கக் காத்திருந்து மிச்சத்தையும் சொன்னார். ஒரு பிசிறு இல்லை.

தொப்பண்ணன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "பாரேன், என்ன அழகா பண்றான்."

தன்னையே வேறு ஆள்போல 'றான்' என்றார். டாக்டரிடம் ஓடினார்கள். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, இதயம் சரியாக ஓடுகிறது என்றார். மயக்கம் வந்தவன் கையைத் தட்டமாட்டான், வசனமும் பேசமாட்டான், அசதியில் மறந்திருப்பார் என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இனி அந்த விரலை நம்பி என்ன பயன்? ஆள் உள்ளே இல்லாதபோதும் அது தட்டுகிறதே. ஃப்ளோர் மேனேஜர் அம்மாவிடம் சொன்னால் அன்றோடு வேலை போய்விடும். "சொல்லிடாதே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் விழுந்தார். விரல் தட்டியது. ஃப்ளோர் மேனேஜர் அம்மா அவள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஆனால் இவளால் உட்கார முடியவில்லை. எழுந்தாள். கேமராக்களுக்கு நடுவே ஓடி, விளக்கு வெளிச்சத்துக்குள் புகுந்து, மண்டியிட்டு, அவர் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டாள்.

துடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, என்னங்க" என்றாள் அழுதபடி. அவர் ஒரு கண்ணைத் திறந்து, "வீட்டுல இரும்மான்னா கேக்குறியா" என்றார். கேலரி எழுந்து நின்று சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த அரங்கம் அதுவரை கேட்டதில்லை.

டைரக்டர் ஓடிவந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ கும்பிட்டார். "அண்ணி, இதை வாராவாரம் வெச்சுக்கலாமா? அண்ணன் விழுவார், நீங்க ஓடி வரணும். அதே அழுகை. வேற ஒண்ணும் வேணாம்." அவள் யோசித்துப் பார்த்தாள். எப்படியும் ஓடத்தான் போகிறாள். ஓடினால் வாராவாரம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கலாம். சரி என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். இனித் தனியாகக் காவல் எதற்கு என்று நர்ஸை நிறுத்தினார்கள். விரலை இப்போது யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரியே பக்கத்தில் இருக்கிறாளே.

மேடைக்கென்று நல்ல புடவையாக ஒன்று எடுத்துக்கொண்டாள். தெருவில் பிள்ளைகள் அவளைப் பார்த்து "என்னங்க, என்னங்க" என்று அழுது காட்டினார்கள். அவளுக்குக் கோபம்கூட வந்தது, வரவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் வீட்டில் தொப்பண்ணன் அவள் தட்டில் சோறு போட்டபடி, "உனக்கு டைமிங் நல்லா வருது" என்று பாராட்டியபோது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுடைய எந்த வேலையையும் இவ்வளவு கவனித்ததில்லை.

சில வாரங்கள் கழித்து ஒருநாள். அவர் விழுந்தார். அவள் ஓடினாள், மண்டியிட்டாள். அன்று அவர் முகம் கொஞ்சம் அதிகமாகவே வெளுத்திருந்தது. மேக்கப்பாக இருக்கும் என்று நினைத்தாள். "என்னங்க" என்று கத்தினாள். கேலரி சிரித்தது. நல்ல சிரிப்பு, அலையாக ஏறிக்கொண்டே போனது.

அவள் கை அவர் சட்டையின் மேல் நின்றது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடங்கிய பிறகுதான் கையை உள்ளே விட்டாள்.