பக்கத்தில் தொங்கிய நாற்பத்தொரு பேர்

அன்று காலை திருநகர் பிரவுசிங் சென்டரில் இருந்தது நானும் கடைக்கார அண்ணனும்தான். இல்லாதவன் என் கூட்டாளி. எங்கள் வெப்சைட்டின் பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

காலேஜ் முடித்த கையோடு நாங்கள் இருவரும் தமிழில் டைப் அடிக்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதியிருந்தோம். இலவசம். அதை இறக்கிக்கொள்ள ஒரு பக்கம் வைத்தோம். பேர், ஊர், போன் நம்பர் கொடுத்தால் ஃபைல் இறங்கும். கொடுத்த மூன்றும் அந்தப் பக்கத்தின் அடியிலேயே வரிசையாக ஏறிக்கொள்ளும். அப்படி ஏறும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்று விட்டுவிட்டேன். யோசனை என்னுடையது. எங்கள் பக்கம் விசேஷ வீட்டு மைக்கில் பேரும் ஊரும் வாசிக்காவிட்டால் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் எங்கள் பேர் எழுதிப் பார்த்ததில்லை. பேர் போடுவது மரியாதை என்றே நம்பினேன்.

பத்து மணிக்குக் கடை போன் அடித்தது. அந்த நம்பரைத்தான் தொடர்புக்கு என்று எங்கள் பக்கத்தில் போட்டிருந்தோம். ஒரு அக்காவின் குரல், ரொம்பத் தணிந்து.

"தம்பி, வாடிப்பட்டிலருந்து பேசுறேன். என் நம்பரு எதுக்கு உங்க பக்கத்துல தொங்குது? நேத்துலருந்து கண்டவனும் போன் பண்றான். ஒருத்தன் பாட்டுப் பாடுறான். மாமனாருதான் எடுக்குறாரு."

அதுவரை ஏறியிருந்த நாற்பத்தொரு பேரில் பெண் பேர் அது ஒன்றுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கம்ப்யூட்டர வித்துப்புடுவேங்குறாரு. நான் வீட்ல இருந்தே டைப் அடிச்சுச் சம்பாதிக்கிறவ, தம்பி. அது போச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னிக்கே எடுத்துருங்க."

"எடுத்துடுறேன்க்கா" என்றேன். எப்படி எடுப்பேன்?

கூட்டாளி ஒத்தக்கடையில் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று போயிருந்தான். செல்போன் கிடையாது. தோன்றிய பாஸ்வேர்டையெல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. பக்கத்தைத் திரும்பத் திறந்தால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணில் ஒன்று கூடும். கூட்டியது நானா, வேறு எவனாவதா? தெரியவில்லை.

"ஏன்டா, பூட்டப் போட்டு சாவிய அவன்ட்ட குடுத்துட்டு இங்க உக்காந்து எதுக்கு வேர்க்குற?" என்றார் அண்ணன். "பஸ்ஸப் பிடி."

இரண்டு பஸ் மாறினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த வீட்டு போன் அடிப்பது போலவே இருந்தது. பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மைக்கில் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாடிப்பட்டி என்று யாருடைய ஊரையோ சொன்னதும் பந்திக்குள் ஓடினேன்.

கூட்டாளி சாம்பார் வாளியோடு நின்றான். "வா மாப்ள, உக்காரு, இலை போடுறேன்."

"பாஸ்வேர்டு சொல்லுடா."

நடந்ததைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்தான். மெயின் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஈரக்கையோடு அவனே அடித்தான். பக்கம் மொத்தத்தையும் அழித்தோம்.

பிறகு, அழிக்கும் முன் குறித்துக்கொண்ட நம்பரில் வாடிப்பட்டிக்குப் போன் போட்டேன். மாமனார்தான் எடுத்தார்.

"எவன்டா நீ? நீயும் பாடப் போறியா?"

என் பேரைச் சொன்னேன். பேர் சொல்வதற்கு அம்புட்டுப் பயந்தது அன்றைக்குத்தான். தப்பு எங்களுடையது, உங்கள் மருமகள் ஒரு தப்பும் செய்யவில்லை, பக்கத்தை எடுத்துவிட்டோம் என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன்.

"நீ எடுத்துட்டா? எழுதி வச்சவன் நோட்டுலருந்து யாரு எடுப்பா?"

அவரே தொடர்ந்து சொன்னார்: "நம்பர மாத்திக் குடுங்க. அது வரைக்கும் கம்ப்யூட்டரு என் ரூம்புல இருக்கும்."

புதுப் பக்கத்தில் கேள்வியே வைக்கவில்லை. சாஃப்ட்வேர் என்ன செய்யும், ஃபைல் எவ்வளவு பெரிசு, டெலிபோன் லைனில் இறங்க எத்தனை நிமிஷம், பிடிக்காவிட்டால் எப்படி நீக்குவது என்று மட்டும் எழுதினோம். அடியில் ஒரே ஒரு பட்டன். பார்த்தவர்களை எண்ணும் எண்ணையும் எடுத்துவிட்டேன். "வெறிச்சுனு இருக்கு மாப்ள" என்றான் கூட்டாளி. இருக்கட்டும் என்றேன்.

மாமனார் கையெழுத்துப் போட்ட மனுவோடு டெலிபோன் ஆபீசுக்கு மூன்று நடை நடந்தோம். அந்த மூன்று வாரமும் அந்தக் கம்ப்யூட்டர் பூட்டிய அறையில்தான் கிடந்தது. புது நம்பர் வந்த அன்று அந்த அக்கா கடைக்குப் போன் செய்து, "குடுத்துட்டாரு தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எந்த நம்பரிலிருந்து பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை.

நம்பர் மாற்றியதற்கும், டைப்பிங் வேலைக்காக அந்த அக்கா பழைய நம்பர் போட்டு வைத்திருந்த விசிட்டிங் கார்டுகளைப் புது நம்பரோடு திரும்ப அச்சடித்ததற்கும் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஆனது நானூற்று எழுபது ரூபாய்.