செலீன் கொண்டுவந்த பாதி

விசரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செலீனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அவள் புறப்பட்டுப் போய் இரண்டு மாதமாகிறது, இன்னும் சனத்தின் வாய் ஓயவில்லை. மகனின் எலும்பை வீட்டில் வைத்துச் சோறு போட்டாளாம். ஏன், செத்தவருக்குப் படைப்பது எங்கள் சைவ வீடுகளில் இல்லையா? வேதக்காரி படைத்தால் மட்டும் குற்றமோ?

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில், ஒரே அடுக்குமாடியில், என் கதவுக்கு எதிர்க்கதவு அவளுடையது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. புருஷன் செத்தபோதே கல்லறையில் குடும்பத்துக்கென்று இடம் எடுத்து வைத்தாள். அவருக்கு, தனக்கு, ஒரே மகன் ஜெனாட்டுக்கு. எல்லோரும் ஒன்றாகக் கிடக்கவேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

ஜெனாட் இங்கிலீஷ் படிப்பிக்க ஜப்பானுக்குப் போனவன். அங்கேயே அயாகா என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தான். போன மாரியில் மூளையில் இரத்தம் கசிந்து, தாய் அங்கே போய் இறங்கும் முன்பே உயிர் போய்விட்டது. முப்பத்தொரு வயது.

அங்கே எரித்தபிறகு இங்கேபோல மாவாக அரைத்துக் கொடுப்பதில்லையாம். எலும்பு எலும்பாகவே தட்டில் வரும். வீட்டார் இருவர் இருவராக நின்று, சாப்பிடுகிற மாதிரிக் குச்சிகளால் ஒரே எலும்பைச் சேர்ந்து தூக்கிக் குடத்தில் போடவேண்டும். காலில் தொடங்கி, தலை கடைசி. பிள்ளை குடத்துக்குள் தலைகீழாக இருக்கக்கூடாதே. செலீனுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாது. இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் குச்சியை வைத்துவிட்டுக் கையால் எடுத்துவிட்டாள்.

“இன்னும் சூடு இருந்தது அக்கா. எல்லாரும் விறைச்சுப்போய் நிண்டினம். அந்தப் பிள்ளை அயாகா என்னைப் பாத்தாள். பிறகு தானும் குச்சியை வைச்சிட்டு மற்றப் பக்கத்தைக் கையால பிடிச்சாள்.”

பிறகு இரண்டு கிழமை அயாகாவின் சின்ன வீட்டில் இருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. எந்த நாளில் எந்தக் குப்பையை வெளியே வைக்கவேண்டும் என்று மருமகள் படம் கீறி ஒட்டிவைத்தாளாம். குளிக்கத் தொட்டி நிறையச் சுடுதண்ணீர் பிடித்து, மாமியைத்தான் முதலில் இறங்கச் சொல்வாளாம். காலையில் குக்கரைத் திறந்ததும் முதல் அகப்பைச் சோறு ஜெனாட்டின் படத்துக்கு முன்னால். ஆவி அடங்கும்வரை இருவரும் பக்கத்தில் இருப்பார்கள்.

புறப்படும்போது எலும்பை இரண்டு குடமாகப் பிரித்தார்கள். அங்கே அதுவும் வழக்கமாம்.

இங்கே அதுதான் வினையாகப் போனது. செலீனின் தமையன் பஸ்ரியன் என் முன்னாலேயே கத்தினான். “பாதிப் பிள்ளையைப் புதைக்கவோ ஃபாதரைக் கூப்பிடப் போறாய்? மிச்சத்தையும் அனுப்பச் சொல்லு. நாளைக்கு உவள் வேற ஆரையும் முடிப்பாள். அப்ப குடத்தை எங்க வைப்பாள், குசினிக்குள்ளயோ?”

அங்கேபோலவே காலையில் முதல் அகப்பைச் சோற்றைக் குடத்துக்கு முன்னால் வைத்துவந்தாலும் செலீனுக்கும் ஆறுதல் இல்லை. மகன் இரண்டு துண்டாகக் கிடக்கிறானே என்று சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு பின்னேரம் அயாகாவை வீடியோ போனில் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை. நானும் பக்கத்தில் இருந்தேன். செலீன் சொன்னதை போனே மொழிபெயர்த்து அவளுடைய பாஷையில் சொன்னது. மிச்சத்தையும் அனுப்பு என்று. அந்தப் பிள்ளை கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தது. “ஓம் அம்மா, அனுப்புகிறேன்,” என்று போன் தமிழில் சொன்னது. அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் கிண்ணத்துச் சோற்றில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

செலீன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“மாட்டன் எண்டு சொல்லியிருந்தா வாங்கியிருப்பன் அக்கா. சண்டை பிடிச்செண்டாலும் வாங்கியிருப்பன்.”

“அப்ப இனி?”

“என்னட்ட இருக்கிறதைக் கொண்டுபோய் அங்க சேர்க்கப் போறன். பிள்ளை ஒரு இடத்தில கிடக்கட்டும்.”

“அந்த மூண்டு பேற்ற இடம்?”

“அது இவருக்கும் எனக்கும் காணும்.”

ஒரு செவ்வாய்க்கிழமை பகல், வெள்ளைத் துணியில் கட்டிய குடத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்து கதவைப் பூட்டினாள். பஸ்ரியன் வரவில்லை.

“தாவன், கீழ வாசல்வரைக்கும் நான் பிடிச்சுக்கொண்டு வாறன்,” என்றேன்.

“பாரமில்லை அக்கா. பிறக்கேக்க இதைவிடப் பாரமா இருந்தவன்.”

சாவியை என் கையில் வைத்தாள். “போயிட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு, குடத்தோடு வெளியே போனாள்.