சன்னலில் கட்டிய கம்பளி

மதியப் பஸ்ஸில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா, "உங்க அத்த போய்ட்டா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு, ஒருநாளும் அங்கே எட்டிப் பார்க்காத அவள் புருஷனிடம், என் மாமாவிடம், சொல்லப் போனார். காளியம்மா அத்தை அப்பாவின் தங்கை. எட்டாவதோடு படிப்பை விட்ட நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் அவளைத் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

மலக்குடலின் அடியில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் அவளுக்குப் புற்றுநோய். வெட்டி எடுத்தால் வயிற்றில் பை வைத்து அதன் வழியாகத்தான் மலம் போகும் என்றார்கள். "பையக் கட்டிக்கினு களத்துல எப்படிடி குனிவேன்?" என்று அழுதாள். அதைத் தவிர்க்க முடியுமா என்று பார்க்க, ஊசி மருந்தோடும் கரண்டு என்கிற கதிர்வீச்சோடும் ஒளி வைத்தியமும் செய்தார்கள். வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மருந்தை உடம்பில் ஏற்றி, குழாய் வழியாகக் கட்டியின் மேல் சிவப்பு ஒளி அடித்தார்கள். வலியிலும் அத்தை சொன்னாள்: "பின்னாடி லைட்டு போட்டாச்சு. உங்க மாமன் இனிமே டார்ச்சு தேட வேணாம்."

அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை வெயில் படக் கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும் என்று எச்சரித்தார்கள். சன்னலில் கறுப்புக் கம்பளி கட்டினேன். "இன்னாடி, உங்க அத்த மறுபடியும் வயசுக்கு வந்துட்டாளா?" என்று தெருவே சிரித்தது.

எங்கள் குடும்பத்தில், விதைத்த கைதான் களத்தில் முதல் முறம் அள்ள வேண்டும். அறுத்துக் களத்தில் குவித்திருந்த சாமையை விதைத்தவள் அத்தை. மாமா கதவைத் தள்ளினார்.

"நோவு பின்னாடிதானே? கைக்கு இன்னா வந்துச்சு?"

"பொழுது சாயட்டும், வர்றேன்."

"பொழுது சாஞ்சா அள்ளக் கூடாதுன்னு தெரியாதா?"

இழுத்துப் போனார். நான் போர்த்தப் போன கம்பளியையும் தட்டிவிட்டார். எல்லோரும் புளியமர நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். அத்தை ஒரு முறம் அள்ளினாள்.

அன்றே முகமும் கைகளும் கொப்பளித்தன. புண் சீழ் பிடித்ததால் அடுத்த ஊசிகள் தள்ளிப்போயின. கட்டி மறுபடி வளர்ந்தது. வெயில் படாதிருந்தால் கட்டி வளர்ந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த சீட்டுக்காரரைக் கூப்பிட்டார். கடைசியில் பையும் வந்தது. நாற்றம் என்று மாமா அவளை மாட்டுக் கொட்டகையில் படுக்கவைத்தார். "மாடு ஒண்ணும் மூக்க மூடலடி" என்றாள்.

செத்தபின் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, அதே களத்தில்தான் அவளைக் கிடத்தினார்கள். வந்தவர்கள்மேல் வெயில் படாமல் மாமா பந்தல் போட்டிருந்தார்.

மறுநாள், மூட்டைகளை மூடக் கம்பளியைக் கேட்டார்.

"தர மாட்டேன் மாமா."

அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று முறம் அள்ளிய பிறகு, களத்திலிருந்து அதில் சுற்றித்தான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உரிந்த தோல் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. நான் துவைக்கவில்லை.