மில் பஞ்சில் ஒட்டிய பனி

பஞ்சைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நூற்பு மில்லில் பதினோரு வருடமாக வேலை. மூக்கில், காதில், தலைமயிரில், சில நாள் சோற்றிலும் பஞ்சு. ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடுவேன்.

அந்தப் பஞ்சைத்தான் பள்ளிக்கூடம் கேட்டது. யுகேஜி பிள்ளைகளுக்கு ‘விண்டர் லேண்ட்ஸ்கேப்’ ப்ராஜெக்டாம். பனிமனிதன், பைன் மரம், வெள்ளை வெளேரென்று தரை. எந்த ஊரில்? விடியக்காலம் கொஞ்சம் மூடுபனி விழுந்து, பத்து மணிக்கு ஃபேன் கேட்கிற கோயம்புத்தூரில். வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா உடனே எழுதினார்: “ஏனுங்க, நீங்க மில்லுலதானுங்க இருக்கீங்க? எல்லாத்துக்கும் பஞ்சு கொண்டாந்து குடுத்துருங்க.” சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிப்போய்க் கொடுத்தேன்.

என் மகள் பஞ்சைத் தொடவே இல்லை. க்ரேயான்ஸை எடுத்துத் தானே வரைந்தாள். சாம்பல் நிறத்தில் தாள் முழுக்கக் கிறுக்கல், அதற்குள் இரண்டு மஞ்சள் உருண்டை, பக்கத்தில் தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு பெண்.

“இது மில் பஸ்ஸு. இது நீ. குளுருல நிக்கிறே.”

தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் தினமும் விடியுமுன்னே கிளம்புவேன். அவள் எழுந்து ஜன்னலில் நின்று பார்க்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஸ்னோவே இல்லீங்களே? இப்படியே மாட்டுனா பெரிய மேடம் என்னையத்தான் கேப்பாங்க. ஊட்டுல கொஞ்சம் சரி பண்ணிக் கொண்டாந்துருங்க.”

இதுதான் எங்கள் குளிர்காலம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. “சரிங்க மிஸ்” என்றேன். அந்த ‘சரிங்க’வை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் அவள் விளையாடப் போயிருந்த நேரத்தில் படத்தின் மேல் பசையைத் தடவிப் பஞ்சை ஒட்டினேன். முதலில் பஸ் மறைந்தது. சிவப்புத் துண்டுக்காரி நின்ற இடத்தில் ஒரு பனிமனிதன் வந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கடுகில் கண் வைத்தேன்.

கண்காட்சியில் சுவர் நீளத்துக்கும் ஒரே மாதிரிப் படங்கள். எதிலும் பிள்ளைகளின் கை பட்டதாகத் தெரியவில்லை. முன்னால் நின்று அம்மாக்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீ என்று போனது. அதில் ஒன்று நான் செய்தது, அதற்கு ஸ்டார் வேறு ஒட்டியிருந்தார்கள். மகள் பனிமனிதனை ஒரு விரலால் விலக்கி அடியில் தேடினாள். “தொடாதே கண்ணு, கெட்டுப்போயிரும்” என்றார் டீச்சர்.

கண்காட்சி முடிந்ததும் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பஞ்சைப் பிய்த்தேன். தாளும் சேர்ந்தே உரிந்து வந்தது. புதுத் தாளும் க்ரேயான்ஸும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“அதே மாதிரி இன்னொன்னு போடு கண்ணு.”

அவள் தாளை என் பக்கமே தள்ளினாள்.

“நீயே போடும்மா. நான் போட்டா நீ மறுக்கா ஒட்டோணும்.”