இல்லாட்டி அக்காவும் காலிக் கட்டமும்

பார்சல் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'இல்லாட்டி அக்கா'. எக்செல் தாளில் நிபந்தனை எழுதி எழுதி அவள் பேச்சே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் கணவரிடமும், "மேகம் கறுத்தா குடை எடுங்க, இல்லாட்டி தொப்பி போதும்" என்பாள். மனிதர் இரண்டையும் மறந்துவிட்டு நனைந்து வருவார், அது வேறு கதை.

பத்தொன்பது வருடமாக இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். ஒரு நாள் தாமதம் உண்டா? மூச்! இந்த வருடம் சிறந்த ஊழியருக்குப் புதுக் கிளைக்கு மாற்றல் என்று அறிவித்தார்கள். அந்தக் கிளை அவள் வீட்டிலிருந்து நாலு எட்டு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் முன்பு வந்த மேனேஜர் அவளையே கூப்பிட்டார். "கம்ப்யூட்டரே ஆளைச் சொல்லட்டும். அப்பத்தான் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

எழுதினாள். தாமதம் பூஜ்யம், புகாரும் பூஜ்யம் என்றால் 'தகுதி'. இல்லாவிட்டால் 'தகுதியில்லை'. ஒரே இழுப்பில் நாற்பது வரிசையும் நிரம்பின. தன் பெயருக்கு நேரே 'தகுதி' என்று பார்த்த சந்தோஷத்தில் கீழே பார்க்காமலே அனுப்பிவிட்டாள் பாவி.

கடைசி வரிசையில் இன்னொரு 'தகுதி' இருந்தது. காவலாளிப் பெரியவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, பெயரை யாரும் நீக்கவில்லை. அவருடைய கட்டங்கள் எல்லாம் காலி. காலிக் கட்டமும் கணினிக்குப் பூஜ்யம்தான்.

"ரெண்டு பேர்ல லீவே போடாதவர் பேரை மேலிடத்துக்கு அனுப்பிட்டேன்" என்றார் மேனேஜர். "என்ன ஒரு மனுஷன்!"

"சார், அவர் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. காலியா இருந்தா விட்டுடுன்னு ஒரு நிபந்தனை சேர்க்க மறந்துட்டேன்."

"அப்போ தப்பு உங்களோடது?"

அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஆமா சார்."

மேனேஜர் தாளைத் திறந்து அவளுடைய புகார்க் கட்டத்தில் ஒன்று என்று தட்டினார். பக்கத்துக் கட்டம் கண் இமைக்கும் முன் 'தகுதியில்லை' என்று மாறியது. அவள் எழுதிய சூத்திரம் அல்லவா, பிசகுமா?

"அவர் பேரையாவது திரும்ப வாங்குங்க சார்."

"வாங்கினா என் மேலயும் ஒரு புகார் ஏறும். பரவாயில்லையா?"

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆசை தீர அழுதாள்.

இப்போதும் முதல் பஸ் அந்தப் புதுக் கிளையைத் தாண்டித்தான் போகிறது. ஜன்னல் வழியே தெரிகிற காலி நாற்காலியில் பெரியவரின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கிளையின் மாதத் தாளும் சரிபார்க்க அவளிடம்தான் வருகிறது. பெரியவருக்குத் தாமதம் இல்லை, புகார் இல்லை, இந்த மாதமும் தகுதி.